சாவேஸ் மறுபடி ஜெயித்தார்: வெளியே கைதட்டுவது யார், கையைப் பிசைவது யார்?

மணல்மேடு (சென்னை)
8 அக்டோபர் 2012, காலை 11:40

கராகஸில் இரவு பத்து மணி, நமக்குக் காலை எட்டு. வெனிசுவேலா தேர்தல் ஆணையத் தலைவர் திபிசாய் லுசேனா முதல் அறிக்கையை வாசித்தார். 90 சதவீத ஓட்டு எண்ணிய நிலையில் அதிபர் ஹ்யூகோ சாவேஸ் 54.42 சதவீதம், எதிர்த்து நின்ற என்ரிக்கே காப்ரிலெஸ் 44.97. ஓட்டுப் போட்டவர்கள் 80 சதவீதத்துக்கும் மேல். 1999-ல் பதவிக்கு வந்தவர், இனி 2019 ஜனவரி வரை அசைக்க ஆளில்லை, உடம்பு ஒத்துழைத்தால்.

ஸ்பெயினில் ஒரு நாளேடு நேற்றே தன் தளத்தில் காப்ரிலெஸ் முந்துகிறார் என்று வாக்குச்சாவடிக் கணிப்பு போட்டுவிட்டது. அதை நம்பி மாட்ரிட்டிலும் மயாமியிலும் ஆட்கள் ஆட ஆரம்பித்திருக்கிறார்கள். பாவம்.

வெனிசுவேலாவின் உள்ளூர் அரசியலைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் இழை தொடங்கியது வெளிநாட்டு வாழ்த்துகளுக்காக. அர்ஜென்டினா அதிபர் கிறிஸ்டினா ட்விட்டரில் உருகியிருக்கிறார்: நிலத்தை உழுதாய், விதைத்தாய், நீர் பாய்ச்சினாய், இன்று அறுவடை செய்தாய், உன் வெற்றி எங்கள் வெற்றியும்கூட என்று. எக்வடோர் அதிபர் ரஃபேல் கொரியா, பொலிவியா அதிபர் மொராலெஸ், கியூபா அதிபர் ராவுல் காஸ்ட்ரோ எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். பிரேசிலின் முன்னாள் அதிபர் லூலா ஜூலையிலேயே வீடியோ அனுப்பிவிட்டார். ஹாலிவுட் நடிகர் ஷான் பென் ஆகஸ்டில் பிரச்சார மேடையிலேயே ஏறினார்.

என் கட்சி இதுதான்: இந்த வாழ்த்துகளைப் படிக்கும்போது பக்கத்தில் எண்ணெய்க் கணக்கையும் விரித்து வைத்துக்கொண்டு படியுங்கள். யாருக்கு எவ்வளவு பீப்பாய், என்ன தவணை என்று தெரிந்தால் யார் எவ்வளவு சத்தமாகக் கைதட்டுவார் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். மறுப்பவர்கள் வரலாம்.

இரணியன் (மதுரை)
8 அக்டோபர் 2012, பகல் 12:25

வந்துவிட்டேன்.

மணல்மேடு, நீங்கள் சொல்வது வியாபாரியின் கண். எக்வடோர் தானே எண்ணெய் ஏற்றுமதி செய்கிற நாடு. பொலிவியாவிடம் எரிவாயு கொட்டிக் கிடக்கிறது. இவர்கள் எந்தத் தவணைக்காகக் கைதட்டுகிறார்கள்? பிரான்ஸின் இடதுசாரித் தலைவர் மெலான்ஷோனுக்கு எத்தனை பீப்பாய் போகிறது? 2005-ல் சாவேஸ் கொல்கத்தா வந்தபோது அத்தனை கூட்டம் திரண்டதே, அவர்கள் வீட்டு ஸ்டவ்வுக்கு அவரா மண்ணெண்ணெய் கொடுத்தார்?

2002-ல் வெனிசுவேலாவில் 48.6 சதவீதம் பேர் வறுமையில் இருந்தார்கள். 2011-ல் அது 29.5. இது சாவேஸ் கட்சிக்காரர் சொன்ன கணக்கு அல்ல, லத்தீன் அமெரிக்காவுக்கான ஐ.நா. பொருளாதார ஆணையம் கொடுத்தது. 2002 ஏப்ரலில் அவரைக் கவிழ்த்தார்கள். இரண்டே நாளில் மலைச்சரிவுக் குடிசைகளிலிருந்து ஜனம் இறங்கி வந்து மீட்டது. உலகத்தில் எந்த மூலையில் இருக்கிற இடதுசாரிக்கும் அதைப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கத்தான் செய்யும். அதற்கும் பில் கேட்காதீர்கள்.

ஜிம்மி கார்ட்டர் போன மாதம் சொன்னதையும் போடுகிறேன்: தாங்கள் கண்காணித்த 92 தேர்தல்களில் வெனிசுவேலாவின் தேர்தல் முறைதான் உலகத்திலேயே சிறந்தது என்று. அமெரிக்க முன்னாள் அதிபர் சொன்னது. அவருக்கும் தவணையா?

கச்சா (குவைத்)
8 அக்டோபர் 2012, மாலை 4:10

எண்ணெய் என்ற வார்த்தை வந்ததால் என் பங்கு. இருபது வருடமாக இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன்.

வெனிசுவேலாவின் பெட்ரோகாரிபே என்ற எண்ணெய்த் திட்டம் 2005-ல் தொடங்கியது. கரீபிய, மத்திய அமெரிக்க நாடுகள் பதினைந்துக்கும் மேல் சேர்ந்திருக்கின்றன. எண்ணெய் தள்ளுபடி விலையில் கிடைக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். அது தப்பு. விலை சந்தை விலைதான். சலுகை இருப்பது கடனில். பீப்பாய் 100 டாலரைத் தாண்டினால் 40 சதவீதம் இப்போது கட்டினால் போதும், மீதி 60 சதவீதம் 25 வருடத் தவணை, வட்டி 1 சதவீதம். இன்றைய தேதியில் பிரெண்ட் (உலகச் சந்தையில் கச்சா எண்ணெய்க்கு அளவுகோலாக இருக்கும் விலை) 110 டாலரைச் சுற்றி இருக்கிறது. எந்த வங்கி இந்த வட்டிக்குக் கொடுக்கும்? பணம் இல்லையென்றால் பொருளாகவும் கட்டலாம். டொமினிகன் குடியரசு பீன்ஸ் அனுப்புகிறது, கயானா அரிசி, நிகராகுவா மாட்டிறைச்சி.

கியூபா தனிக் கணக்கு. ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பீப்பாய். பதிலுக்கு மருத்துவர்கள், பயிற்சியாளர்கள் என்று ஆயிரக்கணக்கில் ஆட்கள் வருகிறார்கள். சோவியத் உடைந்த பிறகு ஹவானாவில் விளக்கு எரியாமல், பஸ் ஓடாமல் ஜனம் சைக்கிள் மிதித்த காலத்தை நாற்பது வயதைத் தாண்டிய எந்தக் கியூபாக்காரரும் மறந்திருக்க மாட்டார். என்னோடு வேலை செய்த கியூபா வெல்டர் ஒருவர் இருந்தார். சாவேஸைப் பற்றி நல்லதும் சொல்ல மாட்டார், கெட்டதும் சொல்ல மாட்டார். சாவேஸுக்குக் கேன்சர் என்று 2011-ல் செய்தி வந்த அன்றைக்கு மட்டும் டீ குடிக்கும்போது கேட்டார், 'இனி கரண்ட் எத்தனை மணி நேரம் போகும் என்று நினைக்கிறாய்?'

ஆனால் இரணியன் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. சாவேஸிடம் ரொக்கம் கொடுத்து அதிகம் வாங்குகிற நாடு எது தெரியுமா? அமெரிக்கா. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 9 லட்சம் பீப்பாய். அவர்கள் ஏன் கைதட்டவில்லை?

இன்னொன்று: போன மாதம்தான் நம் ரிலையன்ஸ் வெனிசுவேலாவோடு 15 வருட ஒப்பந்தம் போட்டிருக்கிறது, நாளொன்றுக்கு 3 முதல் 4 லட்சம் பீப்பாய். அந்தக் கனமான, கந்தகம் மிகுந்த எண்ணெயைச் சுத்திகரிக்க ஜாம்நகர் மாதிரி ஆலை இருந்தால்தான் முடியும். அதனால் மும்பையிலும் யாராவது அமைதியாகக் கைதட்டியிருக்கலாம்.

மணல்மேடு
8 அக்டோபர் 2012, மாலை 5:02

கச்சா அண்ணா, நன்றி. ரொக்கம் கொடுப்பவன் எதற்குக் கைதட்ட வேண்டும்? கடன் வாங்கியவன்தான் தட்டுவான். நீங்கள் எனக்குத்தான் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள்.

இரணியன், அர்ஜென்டினாவை மறக்காதீர்கள். 2001-ல் திவாலான பிறகு அதன் கடன் பத்திரங்களை வாங்க உலகத்தில் ஆளே இல்லை. வாங்கிக் கொடுத்தவர் சாவேஸ், பல நூறு கோடி டாலருக்கு. லண்டன் மேயராக இருந்த கென் லிவிங்ஸ்டன் 2007-ல் போட்ட ஒப்பந்தம் நினைவிருக்கிறதா? வெனிசுவேலா மலிவு எண்ணெய் கொடுத்தது, லண்டனில் ஏழைகளுக்குப் பாதி பஸ் கட்டணம். கராகஸ் குடிசைக்காரன் லண்டன் பஸ் டிக்கெட்டுக்கு மானியம் கொடுத்தான்! அடுத்த வருடம் போரிஸ் ஜான்சன் வந்து நிறுத்தினார். அமெரிக்காவிலும் ஏழை வீடுகளுக்குக் குளிர்கால எண்ணெய் போகிறது, வெனிசுவேலா அரசு எண்ணெய் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளையான சிட்கோ வழியாக. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

நளன்
8 அக்டோபர் 2012, இரவு 7:48

நீங்கள் பழமொழியைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறீர்கள் :) சாவேஸ் தன் வீட்டு நெய்யைத்தானே ஊரானுக்கு ஊற்றுகிறார்.

பின்தொடர்கிறேன்.

ஃபுளோரிடா வாசி
9 அக்டோபர் 2012, காலை 6:15

எண்ணெய் எல்லாம் சரி. வெளியே இருக்கிற வெனிசுவேலாக்காரர்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே? எல்லோரையும்விட அவர்கள்தான் இந்தத் தேர்தலோடு அதிகம் மல்லுக்கட்டினார்கள்.

நான் இருப்பது மயாமிக்குப் பக்கத்தில். டோரல் என்ற ஊர், அரை கிண்டலாக டோரல்சுவேலா என்பார்கள். ஜனவரியில் மயாமியிலிருந்த வெனிசுவேலா தூதரக அதிகாரியை அமெரிக்கா வெளியேற்றியது. இணையவழித் தாக்குதல் பற்றிய சதிப் பேச்சில் இருந்தார் என்று ஒரு ஸ்பானிய மொழி டிவி ஆவணப்படம் சொன்னதை ஒட்டி வந்த நடவடிக்கை அது. சாவேஸ் பதிலுக்குத் தூதரகத்தையே இழுத்து மூடிவிட்டார். அங்கே பதிவு செய்திருந்த வாக்காளர்கள் ஏறத்தாழ 20,000 பேர். அவர்கள் எங்கே ஓட்டுப் போட வேண்டும்? நியூ ஓர்லியன்ஸில். 1,300 கிலோமீட்டருக்கு மேல்.

போனார்கள். பஸ் பிடித்து, காரைப் பங்கு போட்டு, நன்கொடை வசூலித்துத் தனி விமானம் ஏற்பாடு செய்து. என் அலுவலகத்தில் ஓர் அம்மா இருக்கிறார். முன்பு வெனிசுவேலாவின் தேசிய எண்ணெய் நிறுவனத்தில் பொறியாளர். 2002 டிசம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு சாவேஸ் வேலையை விட்டு அனுப்பிய பதினெட்டாயிரம் பேரில் அவரும் ஒருவர். சனிக்கிழமை மாலை பஸ் ஏறினார். ஞாயிறு காலை இறங்கி வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டு அதே பஸ்ஸில் திரும்பினார். நேற்றுக் காலை ஒன்பது மணிக்கு விரலில் ஊதா மையோடு வேலைக்கு வந்து உட்கார்ந்தார். ஒருவரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. பகலுணவுக்குப் பிறகு அவரே வந்து 'எட்டாயிரம் பேர் போனோம், எட்டு லட்சம் பேர் போயிருந்தாலும் போதாது' என்றார்.

ஞாயிறு இரவு நான் எல் அரெப்பாசோவுக்குப் போயிருந்தேன். சோள மாவு அடைக்குள் இறைச்சியும் சீஸும் வைத்துத் தருகிற கடை, அவர்களின் சங்கமே அங்கேதான். பெரிய திரை, தொப்பி, கொடி, கார் ஹாரன். லுசேனா எண்ணை வாசித்ததும் பக்கத்தில் ஒரு பையன் தொப்பியைக் கழற்றி மடித்துப் பின் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். பிறகு கத்தல், அழுகை, 'மோசடி, மோசடி' என்ற கோஷம். ஒரு மணி நேரத்தில் காப்ரிலெஸே திரையில் வந்து ஜெயிக்கத் தெரிய வேண்டுமென்றால் தோற்கவும் தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டார். கோஷம் போட்டவர்களுக்கு அவர் மேல்தான் கோபம் வந்தது.

வெளிநாட்டு ஓட்டில் பத்தில் ஒன்பதுக்கு மேல் காப்ரிலெஸுக்குத்தான் விழுந்திருக்கிறது. மணல்மேடு அண்ணா, இதை உங்கள் எண்ணெய்க் கணக்கில் எங்கே எழுதுவீர்கள்?

இரணியன்
9 அக்டோபர் 2012, காலை 9:30

வெளிநாட்டில் பதிவு செய்த வாக்காளர்கள் மொத்தமே ஒரு லட்சம்தான். விமான டிக்கெட் வாங்கி மயாமியில் குடியேற முடிந்தவன் யாருக்கு ஓட்டுப் போடுவான் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை. அந்த அம்மாவின் வலி உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் கராகஸில் பெத்தாரே குடிசைப் பகுதியில் முதல்முதலாக மருத்துவரைப் பார்த்த கிழவிக்கு டோரலில் கடை கிடையாது, கேமராவும் கிடையாது. உலகம் கேட்பது இந்தப் பக்கத்துக் குரலை மட்டும்தான்.

தூதரகத்தை மூடியது நியாயமா என்று கேட்டால், இல்லை. வாக்காளன் என்ன பாவம் செய்தான்.

சுசீலா (பெங்களூரு)
9 அக்டோபர் 2012, பகல் 1:12

புவனோஸ் ஐரிஸ் பத்திரிகைகளைக் காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன் (ஸ்பானிஷ் படித்ததற்கு இது ஒன்றுதான் பயன்). அங்கே இந்தத் தேர்தல் வெனிசுவேலா தேர்தலாகவே பார்க்கப்படவில்லை.

போன மாதம் 13-ஆம் தேதி கிறிஸ்டினாவுக்கு எதிராக ஜனம் தட்டு, கரண்டி, பாத்திரத்தோடு தெருவில் இறங்கித் தட்டித் தீர்த்தது. காரணங்கள் பல: விலைவாசி, டாலர் வாங்கக் கட்டுப்பாடு. கூடவே ஒரு பயம், அரசியல் சட்டத்தைத் திருத்தி மூன்றாம் முறையும் நின்றுவிடுவாரோ என்று. சாவேஸ் 2009-ல் பொது வாக்கெடுப்பு நடத்தி எத்தனை முறை நிற்கலாம் என்ற வரம்பை நீக்கிக்கொண்டாரே, அதே வழி. அதனால் சாவேஸ் ஜெயித்ததும் கிறிஸ்டினா ஆட்கள் தங்கள் வழிக்குப் பச்சைக்கொடி கிடைத்த மாதிரி கொண்டாடுகிறார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் இங்கே ஏன் எல்லோரையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவர ஒரு காப்ரிலெஸ் இல்லை என்று ஒருவரையொருவர் திட்டிக்கொள்கிறார்கள். அவர்களில் சிலர் கராகஸுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

இதற்கு நடுவில் ஹோர்ஹே லனாட்டா விவகாரம். அர்ஜென்டினாவின் பிரபலமான டிவி பத்திரிகையாளர், கிறிஸ்டினாவுக்குப் பெரிய தலைவலி. தேர்தல் செய்தி சேகரித்துவிட்டு நேற்றுத் திரும்பும்போது கராகஸ் விமான நிலையத்தில் உளவுத்துறை ஆட்கள் அவரையும் குழுவையும் பிடித்து வைத்து, எடுத்த படங்களையெல்லாம் அழித்துவிட்டார்கள் என்கிறார். இன்று அங்கே அறுவடைக் கவிதையைவிட இதுதான் பெரிய செய்தி. கிறிஸ்டினா பக்கத்து ஆட்கள் சிலர் அதையும் 'நாடகம்' என்கிறார்கள். இரண்டு நாட்டையும் ஒன்றாகப் பார்ப்பவர்களுக்கு இது லட்டு.

இரணியன் சார், வாக்கு இயந்திரம் பற்றி நீங்கள் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். அங்கே திரையைத் தொட்டு ஓட்டுப் போட்டதும் சீட்டு ஒன்று அச்சாகி வரும். சரி பார்த்து, மடித்துப் பெட்டியில் போட வேண்டும். பாதிக்கும் மேற்பட்ட பெட்டிகளை அன்றிரவே திறந்து இயந்திரக் கணக்கோடு ஒப்பிடுகிறார்கள். நம் ஊர் இயந்திரத்தில் இன்னும் சீட்டு வரவில்லை. எண்ணுவது சுத்தம்தான். பிரச்சினை எண்ணுவதற்கு முன்னால். வேட்பாளருக்கு ஒரு சேனலில் நாளைக்கு மூன்று நிமிட விளம்பரம்தான் என்று விதி. சாவேஸ் நினைத்தால் எல்லா சேனலையும் ஒரே நேரத்தில் தன் பேச்சுக்கு இழுத்துக்கொள்ளலாம், மணிக்கணக்கில். கார்ட்டர் பாராட்டியது முன்னதை. மயாமி கத்துவது பின்னதைப் பற்றி. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

கச்சா
9 அக்டோபர் 2012, பகல் 2:40

சுசீலா, அருமை.

கொலம்பியாவையும் கொஞ்சம் பாருங்கள். முந்தைய அதிபர் உரிபே காலத்தில் சாவேஸோடு சண்டை போடாத நாளே கிடையாது. 2010-ல் சாண்டோஸ் வந்தார், வலதுசாரி, அமெரிக்காவின் செல்லப்பிள்ளை, முன்னாள் பாதுகாப்பு அமைச்சர். அவர் சாவேஸை 'என் புதிய நெருங்கிய நண்பர்' என்றார். இப்போதும் வாழ்த்துச் சொல்லியிருக்கிறார். எண்ணெய்க்காகவா? இல்லை. இந்த மாதம் ஃபார்க் கெரில்லாக்களோடு ஓஸ்லோவில் பேச்சுவார்த்தை தொடங்கப் போகிறது, அதில் வெனிசுவேலாவும் துணை நிற்கிறது. காப்ரிலெஸ் வந்திருந்தால் ஃபார்க் மேசைக்கு வருமா என்று கொலம்பியத் தலைநகர் போகோட்டாவில் பலருக்கு சந்தேகம். ஆக கொலம்பிய வலதுசாரி அரசே சாவேஸ் ஜெயித்ததில் மூச்சு விட்டிருக்கும்.

எல்லையில் குக்குத்தா என்ற ஊரில் இன்னொரு கூட்டம் நிம்மதியாக இருக்கும். வெனிசுவேலாவில் பெட்ரோல் லிட்டர் 2 அமெரிக்க சென்ட். கேனில் பிடித்து எல்லை தாண்டி சாலையோரம் புனல் வைத்து ஊற்றி விற்கிறார்கள். அந்தக் குடும்பங்களுக்கு எந்தச் சித்தாந்தமும் இல்லை, விலை ஏறாமல் இருந்தால் போதும். மணல்மேடு தம்பி, இவர்கள் உங்கள் கணக்கில் வருவார்கள். சாண்டோஸ் வர மாட்டார்.

மணல்மேடு
9 அக்டோபர் 2012, மாலை 6:20

சாண்டோஸ் வாழ்த்து கணக்கில் வராதா, நன்றாக வரும். அவருக்குக் கிடைத்த சரக்கு வேறு, அவ்வளவுதான். எண்ணெய் என்பதை 'சாவேஸ் இருப்பதால் கிடைக்கும் லாபம்' என்று விரித்துக்கொள்ளுங்கள். கியூபாவுக்கு வெளிச்சம், கிறிஸ்டினாவுக்கு மூன்றாம் முறைக்கு முன்னுதாரணம், சாண்டோஸுக்குப் பேச்சுவார்த்தை, சீனாவுக்குக் கொடுத்த கடன் எண்ணெயாகத் திரும்பும் உத்தரவாதம், சிரியாவின் அசாதுக்கு டீசல் கப்பல். அமெரிக்கத் தேர்தலுக்கும் இதில் பங்கு உண்டு. தான் அமெரிக்கனாக இருந்தால் ஒபாமாவுக்கு ஓட்டுப் போடுவேன் என்று சாவேஸ் வாய் திறந்து சொல்லிவிட்டார், ஒபாமாவை எதிர்த்து நிற்கும் ரோம்னி ஆட்களுக்கு அல்வா. வெள்ளை மாளிகை ஜாக்கிரதையாக வெனிசுவேலா மக்களை மட்டும் பாராட்டிவிட்டு, சாவேஸோடு கருத்து வேறுபாடு உண்டு என்று ஒரு வரி சேர்த்திருக்கிறது. நவம்பர் 6-க்கு முன்னால் ஃபுளோரிடாவைக் கோபப்படுத்த யாருக்குத் துணிச்சல்?

லாபம் இல்லாமல் கைதட்டுகிற ஒரே கூட்டம் இரணியன் கூட்டம். அதை ஒப்புக்கொள்கிறேன்.

இரணியன்
9 அக்டோபர் 2012, மாலை 6:41

அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்கிறேன்.

வடமராட்சி (டொராண்டோ)
10 அக்டோபர் 2012, காலை 7:05

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு இருக்கிறேன். இரணியன் அண்ணை, கோபிக்க வேண்டாம், உங்களிடம்தான் கேள்வி.

எங்கட வீட்டில் சேகுவேரா படம் தொங்கினது. அப்பா இடதுசாரி. லத்தீன் அமெரிக்கா என்றால் எங்களுக்கு ஒரு இது. 2009 மே 27-ஆம் தேதி ஜெனீவாவில் மனித உரிமை மன்றம் கூடியது. முள்ளிவாய்க்கால் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, சனம் முழுக்க முட்கம்பிக்குள்ளே. இலங்கை அரசைப் பாராட்டி வந்த தீர்மானத்துக்கு 29 நாடுகள் ஆதரவு. கியூபா, பொலிவியா, நிகராகுவா எல்லாம் அந்த 29-க்குள். இந்தியாவும்தான், அதை விடுங்கோ. எதிர்த்த 12 யார்? பெரும்பாலும் ஐரோப்பா, கனடா, அதோடு மெக்சிகோ, சிலி.

அன்றைக்கு அப்பா டிவியை நிறுத்திவிட்டார். படத்தைக் கழற்றவில்லை, ஆனால் அதைப் பற்றிக் கதைப்பதையும் விட்டுவிட்டார்.

இப்ப இந்த வெற்றியை நீங்கள் உலக ஏழைகளின் வெற்றி மாதிரிக் கதைக்கும்போது எனக்குக் கைதட்டக் கை வரமாட்டேன் என்கிறது. அந்த ஏழைகளில் வன்னிச் சனம் ஏன் இல்லை?

இரணியன்
10 அக்டோபர் 2012, காலை 10:18

தம்பி, கோபம் எதற்கு. 2009-ல் வெனிசுவேலா அந்த மன்றத்தில் உறுப்பினரே இல்லை, அந்த ஓட்டு சாவேஸ் போட்டது அல்ல. ஆனால் அவருடைய கூட்டணி நாடுகள் போட்டவை, அதைச் சுற்றி வளைத்து மறைக்க மாட்டேன். அவர்கள் பார்த்தது இலங்கையை அல்ல. மேற்கு நாடுகள் ஒரு சின்ன நாட்டின் மேல் தீர்மானம் கொண்டுவந்தால் எதிராக நிற்பது என்று அமெரிக்காவின் ஐம்பது வருடத் தடையில் அடிபட்ட கியூபாவுக்கு ஊறிப்போன பழக்கம். கொழும்பு அந்தப் பழக்கத்தைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்திக்கொண்டது. அந்தத் தோழர்களிடம் நம் கதையை யார் போய்ச் சொன்னோம்? ஸ்பானிஷில் ஒரு துண்டறிக்கையாவது போட்டோமா?

வடமராட்சி
10 அக்டோபர் 2012, இரவு 8:50

துண்டறிக்கை போடாதது எங்கட பிழை என்கிறீர்கள். அவர்களுக்குச் செய்தி தெரியாதென்று நான் நம்பமாட்டேன், அண்ணை. தெரிந்துதான் போட்டார்கள்.

நளன்
10 அக்டோபர் 2012, இரவு 9:15

இழை வேறு பக்கம் போகிறது, நெறியாளர் பார்க்கவும்.

நெறியாளர்
10 அக்டோபர் 2012, இரவு 10:00

போகவில்லை. வெளிநாட்டு எதிர்வினை என்றால் தமிழர் எதிர்வினையும் அதில் அடக்கம். தனிநபர் தாக்குதல் இல்லாதவரை தொடரலாம்.

ஃபுளோரிடா வாசி
7 மார்ச் 2013, காலை 5:50

பழைய இழையைத் தூசி தட்டுகிறேன். செவ்வாய்க்கிழமை சாவேஸ் போய்விட்டார். ஜெயித்து ஐந்து மாதம்கூட முழுதாக ஆகவில்லை. ஜனவரியில் பதவிப் பிரமாணம் எடுக்கவே வரவில்லை, ஹவானா ஆஸ்பத்திரியில் இருந்தார்.

டோரலில் அன்றிரவு திருவிழா. அதே எல் அரெப்பாசோ, அதே கொடி, காரின் கூரையில் உட்கார்ந்து பாட்டு. ஷாம்பெயின்கூட உடைத்தார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அலுவலகத்து அம்மாவிடம் மறுநாள் போனீர்களா என்று கேட்டேன். 'எனக்கு அவரை ஓட்டில் தோற்கடிக்க வேண்டியிருந்தது, இது எனக்கு எதற்கு' என்றார்.

கியூபாவில் மூன்று நாள் துக்கம். கச்சா அண்ணா, உங்கள் வெல்டர் என்ன சொல்கிறார்?

கச்சா
7 மார்ச் 2013, மாலை 3:30

அவர் ஒப்பந்தம் முடிந்து ஊர் போய் ஆறு மாதமாகிறது. கேட்க வழியில்லை.

தொழில் பக்கம் சொல்கிறேன். துணை அதிபராக இருந்த மதுரோ வந்தால் பெட்ரோகாரிபே தொடரும், டிசம்பரில் சாவேஸே அவரைக் கைகாட்டிவிட்டார். ஆனால் உற்பத்தி கூடவில்லை. சீனாவுக்குக் கடனுக்குப் போவது, கியூபாவுக்குப் போவது, உள்ளூரில் 2 சென்ட்டுக்கு விற்பது எல்லாம் போக ரொக்கம் வருவது கொஞ்சம். போன ஆகஸ்டில் அமுவாய் சுத்திகரிப்பு ஆலை வெடித்து நாற்பது பேருக்கு மேல் செத்தார்கள், பராமரிப்பு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். எண்ணெய் விலை 100-க்கு மேல் நிற்கிற வரை ஓடும். விழுந்தால் முதலில் கை வைப்பது இந்த 25 வருடத் தவணையில்தான். கடன் வாங்கியவர்கள் இப்போதே வேறு ஆள் பார்த்து வைப்பது நல்லது.

வடமராட்சி
22 மார்ச் 2013, காலை 6:40

இரணியன் அண்ணைக்கு. நேற்று ஜெனீவாவில் அமெரிக்கா கொண்டுவந்த இலங்கைத் தீர்மானம் நிறைவேறியது. ஆதரவு 25, எதிர்ப்பு 13, நடுநிலை 8. சென்னையில் மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்ததும், தி.மு.க. மத்திய அரசை விட்டு வெளியே வந்ததும் உங்களுக்குத் தெரியும். இந்தியா ஆதரவாகப் போட்டது.

எதிர்த்த 13-இல் எக்வடோர், வெனிசுவேலா. இந்த முறை வெனிசுவேலா மன்றத்தில் உறுப்பினர்தான். சாவேஸ் செத்துப் பதினாறு நாள்.

இரணியன்
22 மார்ச் 2013, காலை 11:05

பார்த்தேன். தீர்மானம் கொண்டுவந்தது அமெரிக்கா என்பதால் போட்ட ஓட்டு. கிழக்குத் திமோருக்காக யார் கொண்டுவந்தாலும் பேசியிருப்பார்கள், நமக்காக அமெரிக்கா கொண்டுவந்ததால் பேசவில்லை என்றால் அது தப்பான ஓட்டுதான், அதை எங்கள் கட்சிக் கூட்டத்திலும் சொல்வேன். அதற்காகக் கராகஸில் வறுமை குறைந்தது பொய்யாகிவிடாது. ஏப்ரல் 14 தேர்தலில் மதுரோ ஜெயிக்க வேண்டும் என்றுதான் இப்போதும் விரும்புகிறேன்.

மணல்மேடு
22 மார்ச் 2013, பகல் 12:30

ஏப்ரல் 14-க்குத் தனி இழை திறந்திருக்கிறேன். மயாமிக்காரர்களுக்கு இந்த முறையும் நியூ ஓர்லியன்ஸ்தான் என்று சொல்கிறார்கள். ஃபுளோரிடா வாசி, உங்கள் அலுவலகத்து அம்மா பஸ்ஸுக்குப் பதிவு செய்துவிட்டாரா?